கடல் பார்த்த அறை

ஜெயசெல்வி ராணியம்மாளின் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அவள் காலில் ஒரு செருப்புதான் இருந்தது. மற்றதை அண்ணன் மேல் வீசிவிட்டு வந்திருந்தாள்.

வாசலில் ஜீப்புக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த தேவராஜுக்கு அதைப் பார்த்ததும் பாதி விஷயம் புரிந்துவிட்டது. மீதிப் பாதியையும் தானே கண்டுபிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை அவனுக்கு எப்போதும் உண்டு. மலைக்கும் கணியம்பாடிக்கும் ஷேர் ஜீப் ஓட்டுவது அவன் பிழைப்பு; ராணியம்மாளுக்குத் துணையாகத் துப்புத் துலக்குவது ஆசை. ராணியம்மாள் வேலூரில் பெண்கள் சிறையில் வார்டராக இருந்து ஓய்வு பெற்றவள். வேலைக்காலம் முழுக்கப் பொய்யையே கேட்டுப் பழகிய காது. அதனால் ஜவ்வாது மலையில் கோழி காணாமல் போனாலும் தாலி காணாமல் போனாலும் ஜனங்கள் முதலில் அவளிடம்தான் வருவார்கள். போலீஸெல்லாம் அப்புறம்தான்.

"என் பாஸ்போர்ட்ட எரிச்சிட்டான் ராணிம்மா!" என்று ஜெயசெல்வி மூச்சிரைக்கச் சொன்னாள். "வியாழக்கெழம பம்பாய்ல பிளேன் ஏறணும். இனிமே நான் எப்டிப் போவேன்?"

அவள் எங்கே போகவேண்டும் என்பது மலை முழுக்கத் தெரிந்த விஷயம். இத்தாலியிலிருந்து வந்து இந்த மலை ஆஸ்பத்திரியில் இருபத்தைந்து வருஷம் வைத்தியம் பார்த்த டாக்டர் கன்னியாஸ்திரி லூசியாம்மா, தாயில்லாத ஜெயசெல்வியைக் கூடவே வைத்து வளர்த்து நர்ஸாக்கினார். போன வருஷம் நோயோடு தன் சொந்த ஊரான நேப்பிள்ஸுக்குத் திரும்பிப் போனார். ராஜாக்கள் காலத்துக் கோட்டையும் துறைமுகமும் உள்ள பழைய கடற்கரைப் பட்டணம் அது. இப்போது அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் கிடக்கிறார். 'ஜெயாவை ஒரு தடவை பார்க்கணும்' என்று அவர் கேட்டதால், அவர் வீட்டார் விமான டிக்கெட்டையே அனுப்பிவிட்டார்கள். தங்குவதற்கு இரண்டு ஓட்டலின் பெயரைச் சொல்லி, எது வேண்டுமென்று தந்தி அடிக்கச் சொல்லியிருந்தார்கள். ஒன்று கடற்கரையிலேயே இருந்தது. மற்றது ஆஸ்பத்திரிக்குப் பின்சந்தில்.

"அழாம சொல்லு. நேத்திக்கி இன்னா நடந்தது?" என்றாள் ராணியம்மாள்.

"நேத்து சாயங்காலம் சித்தப்பா வந்தாரு. ஓட்டல் விஷயம் அவரத்தான கேக்கணும்?"

சித்தப்பா பிலிப்ராஜ் கணியம்பாடிக்காரர். சின்ன வயதில் கப்பலில் சமையல்காரராகி உலகம் சுற்றியவர் என்பதால் எல்லோருக்கும் அவர் கப்பல்காரர். தேவராஜுக்கு அவர்மேல் தனிப் பிரியம். ஜீப்பின் முன்சீட்டு அவருக்கென்றே ஒதுக்கி வைத்திருப்பான். யார் ஏற வந்தாலும், "அது கப்பல்காரர் சீட்டு, பின்னாடி போ" என்று துரத்துவான்.

"நேப்பிள்ஸ்ல அதே கடற்கர ஓட்டல்ல அவரே மூணு நாள் தங்கியிருக்காராம்," என்று ஜெயசெல்வி தொடர்ந்தாள். "கடல் பாத்த ரூம் மட்டும் எடுத்துடாத, விடியக்காலம் சூரியன் கடல்லேர்ந்து எழும்பி நேரா மூஞ்சில அடிக்கும், தூக்கமே வராது, பின்சந்து ஓட்டலே எடுன்னு சொல்லிகினு இருந்தாரு. நான் ஒண்ணொண்ணா கேட்டுகினே இருந்தேன். ரோட்டுல எந்தப் பக்கம் திரும்பணும், கோட்டைக்குப் பக்கத்துல இன்னா இருக்குன்னு. அப்பதான் அண்ணன் உள்ள வந்து கத்த ஆரம்பிச்சான். ஊர் பேரு தெரியாத எடத்துக்குப் பொண்ணு தனியாப் போறாளாம், மானம் போவுதாம். அந்தப் புத்தகத்த அடுப்புல போடறன் பாருன்னு கத்தினான். இன்னிக்கி நாங்க பூசைக்குப் போய்ட்டு வந்தா, பெட்டில பாஸ்போர்ட் இல்ல. அடுப்புல நீல அட்டை கருகிக் கெடக்குது."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சாயந்தரமானா லூசியாம்மா ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு, சூரியன் மலைக்குப் பின்னால போறதப் பாத்துகினே இருப்பாங்க. 'எங்க ஊர்ல இது கடல்ல எறங்கும் ஜெயா, இங்க மலை முழுங்கிடுது'ன்னு சிரிப்பாங்க. அவங்கள ஒரு தடவ பாத்தா போதும் ராணிம்மா."

ராணியம்மாள் வெற்றிலைப் பையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். தேவராஜ் ஏற்கெனவே ஜீப்பைக் கிளப்பியிருந்தான். அவனைப் பொறுத்தவரை வழக்கு முடிந்தே போயிருந்தது. ஜெயசெல்வியின் அண்ணன் ஏசுராஜ் போன வருஷத் திருவிழாவில் அவன் ஜீப்பின் விளக்கை உடைத்த முரடன். அதைச் செய்தவன் எதைத்தான் செய்யமாட்டான்?

ஏசுராஜின் வீட்டில் சண்டை பாதியில் நின்றிருந்தது. அவன் புளி உலுக்கும் கழியோடு வாசலில் நின்றான். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"வந்துட்டியாடா டிரைவரு? இன்னொரு லைட்டு உடைக்கணுமா?"

"கொழுப்பப் பாருங்க ராணிம்மா. இவன்தான், வேற யாரு?" என்றான் தேவராஜ்.

"நான் சொன்னேன், ஆமா. எரிப்பேன்னு சொன்னேன். எரிச்சா எரிச்சேன்னும் சொல்லுவேன். எவனுக்கு பயம்? விடிஞ்சதுலேர்ந்து புளியந்தோப்புல இருக்கேன். கூடப் பொறந்தவளே செருப்பால அடிக்கிறா." கன்னத்தில் சிவந்திருந்த தடத்தை அவன் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

உள்ளே அவன் மனைவி பிலோமினாள் அடுப்புப் பக்கம் நின்று பொரிந்து தள்ளினாள். "நாத்தனாரு ஒரு மாசமாவது ஊரவிட்டுப் போவட்டும், வூடு நிம்மதியா இருக்கட்டும்னு மாதாவுக்கு மெழுகுவத்தி நேர்ந்திருக்கேன். அதுலயும் மண்ணப் போட்டாரு இந்த ஆளு. கப்பல்காரர் சித்தப்பாவப் பாத்து கத்துக்கணும். ஜெபமாலைய மறந்துட்டேன்னு பாதி வழிலேர்ந்து திரும்பி ஓடி எடுத்தாந்தாரு. பூசை முழுக்க முட்டி போட்டுகினே இருந்தாரு. இந்த ஆளு கோயில் படி ஏறுனதுண்டா?"

ராணியம்மாள் குனிந்து ஒரு குச்சியால் அடுப்பைக் கிளறினாள். அட்டைத் துண்டு ஓரமாகக் கிடந்தது. நீல ரெக்சின், ஒரு மூலை மட்டும் கருகாமல் தப்பியிருந்தது. அடியில் விறகுச் சாம்பல் வெள்ளைவெளேரென்று மாவுபோல இருந்தது. கடைசிவரை கிளறினாள். வேறொன்றும் இல்லை.

"பூசையிலேர்ந்து வந்து அடுப்ப அள்ளுனியா?"

"எங்க அள்ளறது? அதப் பாத்ததுமே கத்த ஆரம்பிச்சிட்டேன்."

"எல்லாரும் கூடத்துக்கு வாங்க. பாய விரிம்மா," என்றாள் ராணியம்மாள்.

பிலிப்ராஜ் கையில் ஜெபமாலையோடு ஜன்னலோரம் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, நரைத்த மீசை, என்றும் போல மிடுக்கு. எல்லோரும் பாயில் உட்கார்ந்தார்கள். ஏசுராஜ்கூட முறைத்துக்கொண்டே சுவரோரம் உட்கார்ந்தான்.

"கப்பல்காரரே, நீங்களும் உக்காருங்க."

"இல்லீங்கம்மா, முட்டி வலி. நிக்கறேன்," என்றார் அவர்.

"ஐயோ பாவம், பெரிய மனுஷன்," என்று தேவராஜ் ஸ்டூல் தேடினான். ராணியம்மாள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"மொதல்ல ஒண்ணு. பாஸ்போர்ட் எரியல," என்றாள்.

ஜெயசெல்வி தலைநிமிர்ந்தாள்.

"அது கனமான புத்தகம். நெருப்புல போட்டா ஏடு ஏடா கருப்புச் சாம்பல் நிக்கும். ஜெயில்ல கைதிங்க தாளு எரிச்சா அதவச்சுதான் பிடிப்போம். இங்க அடுப்பு அள்ளவேயில்ல. இருந்தும் வெறகுச் சாம்பலத் தவிர ஒரு ஏடு இல்ல. அட்டை மட்டும் எரிஞ்சு, உள்ள இருந்த தாளெல்லாம் எங்க போச்சு? அந்தத் துண்டு வேற எதுவோட அட்டையோ. எரிஞ்சதா நாம நம்பணும்னு யாரோ போட்டது."

"இவன்தான் போட்டிருப்பான்!" என்று தேவராஜ் ஏசுராஜைக் கைகாட்டினான்.

"கொஞ்சம் யோசிடா தேவராஜு. ஏசுராஜுக்குக் கோவம் வந்தா இன்னா செய்வான்? உன் லைட்ட உடைச்சான். உடைச்ச மாதிரி நடிச்சானா? இவன் எரிக்கணும்னா நடுவாசல்ல, ஊரைக் கூட்டி எரிச்சிருப்பான். ஒளிச்சுவச்சுட்டு அடுப்புல அட்டை போடற பொறுமை இவன் வம்சத்துலயே கெடையாது."

ஏசுராஜுக்கு அது பாராட்டா திட்டா என்று தெரியவில்லை. ஆனாலும் கழியைக் கீழே வைத்தான்.

"பிலோமினா இல்ல. நாத்தனாரு தொலைஞ்சா போதும்னு மெழுகுவத்தி நேர்ந்தவ, போற வழிய அடைப்பாளா? அப்போ மிச்சம் யாரு?"

தேவராஜ் ராணியம்மாளின் பார்வை போன திசையைப் பார்த்தான். அங்கே நின்றது கப்பல்காரர்.

"விளையாடாதீங்க ராணிம்மா. இவருதான போறதுக்கு வழியே சொல்லிக் குடுத்தாரு?"

"அதான் விஷயமே. இந்தப் பொண்ணு ஓட்டல் பத்திக் கேட்டா. கடல் பாத்த ரூம் வேணாம், காலைல சூரியன் கடல்லேர்ந்து எழும்பும்னாரு. லூசியாம்மா இன்னா சொல்லுவாங்க? எங்க ஊர்ல சூரியன் சாயங்காலம் கடல்ல எறங்கும்னு. அந்த ஊர்லயே பொறந்தவங்க அவங்க. அங்க கடல் மேற்கால இருக்குது. சூரியன் கடல்லேர்ந்து எழும்பறது நம்ம மெட்ராஸ்லதான். மெட்ராஸ் கடலத் தவிர வேற கடலப் பாக்காதவன், உலகத்துல எல்லாக் கடலும் கெழக்காலதான்னு நெனச்சுக்குவான்."

"எப்பவோ போனது, மறந்திருக்கும்," என்றார் பிலிப்ராஜ். குரலில் மிடுக்கு குறைந்திருந்தது.

"மறந்தவங்க தெரியலன்னு சொல்லுவாங்க. மூஞ்சில வெயில் அடிச்சதுன்னு சொல்ல மாட்டாங்க. இவ்ளோ வருஷம் கப்பல், துறைமுகம்னு பொதுவாப் பேசி ஓட்டிட்டீங்க. நேத்துதான் ஒருத்தி ஒக்காந்து ஒண்ணொண்ணா கேட்டா. அதுவும் நேர்ல போய்ப் பாக்கப் போறவ. பாத்துட்டு வந்து, சித்தப்பா சொன்னது ஒண்ணுகூட அங்க இல்லன்னு சொன்னா அப்புறம் கப்பல்காரர் யாரு? அந்த நேரம் பாத்து ஏசுராஜு அடுப்புல போடுவேன்னு கத்துனான். உங்களுக்கு வழி கெடச்சுது. காலைல ஜெபமாலை சாக்குல திரும்பி ஓடினீங்க. வூட்ல யாரும் இல்ல."

"முட்டி வலிக்காரன் மேல பழி போடறீங்களே," என்றார் அவர்.

"பூசை முழுக்க முட்டி போட்டிருந்தீங்கன்னு இவ பெருமையாச் சொன்னா. முட்டி போடறப்ப வலிக்காதது சம்மணம் போட்டா வலிக்குமா? முட்டி போட்டா இடுப்பு நிமிர்ந்து நிக்கும். சம்மணம் போட்டா மடங்கும். இடுப்புல வெறைப்பா ஒண்ணச் செருகியிருக்கறவன் பாய்ல ஒக்கார மாட்டான். ஜெயிலுக்குப் புதுசா வர்ற பொம்பளைங்கள நான் மொதல்ல பாய்லதான் ஒக்கார வப்பேன். எங்க, உக்காருங்க கப்பல்காரரே."

அவர் உட்காரவில்லை. ஜெபமாலையை ஜன்னல் விளிம்பில் வைத்தார். பிறகு சட்டையைத் தூக்கி, பெல்ட்டுக்கு உள்ளேயிருந்து நீலப் புத்தகத்தை எடுத்தார். வேர்வையில் நனைந்திருந்தது, மற்றபடி ஒரு ஏடும் கெடவில்லை.

"அடுப்புல போட்டது என் பழைய டைரி அட்டை," என்றார். "மெட்ராஸ் ஹார்பருக்கு வெளில டீக்கடைல வேலை செஞ்சேன். கப்பல்லேர்ந்து எறங்கறவங்க பேசறதக் கேட்டேன். ஊருக்கு வந்து ரெண்டு கதை சொன்னேன். ஜனங்க எழுந்து எடம் குடுத்தாங்க. அப்புறம் நிறுத்த முடியல. இத எரிக்கத்தான் நெனச்சேன். சிங்கம் போட்ட புத்தகம், கை வரல. பிளேன் போனப்புறம் எங்கயோ கெடச்ச மாதிரி குடுத்திருப்பேன்."

"அதுக்குள்ள அந்தம்மா கண்ண மூடியிருந்தா?" ஜெயசெல்வி எழுந்து புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டாள். "இனிமே என் வூட்டு வாசல் மிதிக்காத. நான் செத்தாலும் வராத."

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இந்தப் புளுகு ஊர் போட்ட தீனியில் இருபது வருஷம் ஓடியிருந்தது.

ஜெயசெல்வி அண்ணன் பக்கம் திரும்பினாள். "அண்ணா, நான்..."

"பேசாத," என்றான் ஏசுராஜ். "செருப்பு வாசல்ல கெடக்குது. எடுத்துப் போட்டுகினு போ. போய்ட்டு வா. வந்தப்புறம் பேசலாமா வேணாமான்னு பாக்கறேன்." கழியை எடுத்துக்கொண்டு தோப்புப் பக்கம் போய்விட்டான். தேவராஜ் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தேவராஜும் மன்னிப்புக் கேட்காமலே ஜீப்பைத் துடைக்கப் போனான்.

சாயங்காலம் தேவராஜ் வேலூருக்குக் கிளம்பினான். தந்தியில் என்ன அடிக்கவேண்டும் என்று ஜெயசெல்வி இரண்டு தடவை சொல்லி, திருப்பிச் சொல்லவும் வைத்திருந்தாள். கடற்கரை ஓட்டல்தான் வேண்டும். கடல் பார்த்த அறைதான் வேண்டும்.

பிலிப்ராஜ் பையோடு வந்து பழக்க தோஷத்தில் முன்பக்கம் கை வைத்தார். தேவராஜ் தண்ணீர் கேனைத் தூக்கி முன்சீட்டில் வைத்தான்.

"பின்னாடி உக்காருங்க."

அவர் பின்னால் ஏறி, கோழிக்கூடைக்கும் புளி மூட்டைக்கும் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்தார். ஜீப் அமிர்திக் காட்டு வளைவுகளில் இறங்கியது. இத்தனை வருஷமாக அந்த வளைவுகளில் கேட்ட கதைகள் ஒவ்வொன்றாகத் தேவராஜுக்கு ஞாபகம் வந்தன. புயலில் மாட்டிய கப்பல், பறக்கும் மீன், ஆறு மாசம் இருட்டாக இருக்கும் ஊர். அதையெல்லாம் வீட்டில் தன் பெண்ணுக்கு அவன் அப்படியே சொல்லியிருந்தான். எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று இனி யாரைக் கேட்பது? நினைக்க நினைக்க ஆத்திரமாக வந்தது. கியரை வேண்டுமென்றே முரட்டுத்தனமாகப் போட்டான்.

மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. பின்சீட்டிலிருந்து தயக்கமாகக் குரல் வந்தது.

"தேவராஜு, நெசமாவே அந்த ஊர்ல சூரியன் கடல்லயா எறங்குது?"

தேவராஜ் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எனக்கு இன்னாங்க தெரியும்? நான் போனதில்லயே."