இங்கிதத்தின் மூலப்பொருள்

காலை ஒன்பது மணிக்கு மதிவதனி வழக்கம்போல் இங்கிதியைக் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு மதுரைச் சொற்பதிவகத்துக்குள் நுழைந்தாள். அங்கே அவள் அகராதிப் பதிப்பாசிரியை. இங்கிதி மிளகளவுக் கருவி. எதிரே நிற்பவரின் முகத்தையும் நாடியையும், அவரைப் பற்றிய ஊர்ப் பதிவுகளையும் படித்து, எதைப் பேசலாம், எதைத் தொடவே கூடாது என்று காதில் கிசுகிசுக்கும். கடைக்காரர், மேலதிகாரி, லிஃப்டில் உடன் வருபவர் எல்லோரும் இதமாகவே பேசினார்கள். ஊரில் ஒருவர் வாயால் இன்னொருவர் மனம் நொந்து இருபது வருடமாகியிருந்தது.

அன்று அவள் மேசைக்கு வந்த சொல் 'இங்கிதம்'. பத்தாண்டுகள் வழக்கில் இல்லாத பொருளை நீக்குவது பதிவகத்தின் விதி. நன்னடத்தை என்ற பொருளுக்கு ஆபத்தில்லை. நீக்க வேண்டியது மூலப்பொருள்: மனத்தில் இருப்பதைக் காட்டிக்கொடுக்கும் முகக்குறிப்பு. வடமொழியில் அசைவைக் குறித்த சொல், தமிழுக்கு வந்து, பிறர் குறிப்பறிந்து நடப்பவரின் குணத்துக்கே பெயராகிவிட்டிருந்தது.

"இப்ப யார் மேடம் முகத்தைப் பார்த்துப் புரிஞ்சுக்கிறாங்க? எடுத்துடலாம்," என்றார் சக பதிப்பாசிரியர் இக்பால்.

"நேர்ல அனுபவிச்சவங்க சாட்சி சொன்னா?"

"ரெண்டு பேர் கையெழுத்து வேணும். கருவியைக் கழட்டிட்டுத்தான் போடணும். வெள்ளிக்கிழமை கடைசி நாள்."

அவளுக்கு ரெஜினா அக்காவின் ஞாபகம் வந்தது. இருபத்தைந்து வருடங்களுக்கு முன், இங்கிதி வராத காலம். கணவன் வீட்டைவிட்டுப் போன மறுநாள் காலை. கதவைத் தட்டிய பக்கத்து வீட்டு ரெஜினா, மதிவதனியின் முகத்தை ஒரு நொடி பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. "கொஞ்சம் புளி இருக்காட்டி?" என்றபடி உள்ளே வந்து, அடுப்பைப் பற்றவைத்து, சோறு பொங்கி, நாலு வயது மகன் செழியனைத் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். கேட்ட புளியை எடுத்துப்போக மறந்திருந்தாள். அந்த நாட்களில் மனிதர்கள் எத்தனை தவறாகப் பேசினார்கள், எத்தனை முறை தடுமாறினார்கள்! அதற்கு நடுவிலும் இப்படி ஒருத்தி.

வியாழக்கிழமை மதிவதனி தூத்துக்குடிக்கு விரைகுழாய் ரயிலில் போய் இறங்கினாள். ரெஜினா அங்கே போய்ப் பத்து வருடம். இடையில் வாழ்த்துச் செய்திகளோடு சரி.

"உன்னைப் பார்த்ததில் மிக்க மகிழ்ச்சி. பயணம் களைப்பாக இருந்திருக்குமே," என்றாள் ரெஜினா. 'ஏட்டி' என்று உரிமையோடு கூப்பிட்டுப் பேசும் ரெஜினா அல்ல, இங்கிதி பேசியது. அரைமணி நேரம் வெயிலையும் கடற்காற்றையும் பற்றிக் குறையில்லாமல் பேசினார்கள்.

பிறகு மதிவதனி படிவத்தை நீட்டினாள். இருவரும் கருவிகளைக் கழற்றி மேசைமேல் வைத்தார்கள். ரெஜினா படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டாள், அடுத்து மதிவதனியும். மூலப்பொருள் பிழைத்தது. மதிவதனி தன் கருவியை எடுக்கக் கை நீட்டியபோது ரெஜினா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இரு ஏட்டி. நீ வந்ததுலருந்து இது என் காதுல ஒண்ணையே சொல்லிக்கிட்டு இருந்துச்சு. மகனப் பத்திக் கேக்காத, மகனப் பத்திக் கேக்காதன்னு." ரெஜினா பிடியை விடவில்லை. "கேக்கக் கூடாதோ என்னமோ. எனக்குப் பொறுக்கல. நம்ம செழியனுக்கு என்னட்டி?"

மதிவதனி மேசைமேல் கிடந்த தன் கருவியைத் தள்ளி வைத்தாள்.

"அவன் போயி ஆறு வருஷம் ஆச்சுக்கா. மூணு நாள் காய்ச்சல்."

ரெஜினா வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, கேட்டுட்டனே. என்ன சொல்லணும்னு கூடத் தெரியலயே எனக்கு."

"ஒண்ணும் சொல்ல வேணாம்."

ஆறு வருடமாக அலுவலகத்திலும் தெருவிலும் சொந்தத்திலும் ஒருவர்கூட அவனைப் பற்றி வாய்திறந்ததில்லை. எல்லோருடைய காதிலும் அதே எச்சரிக்கை. அவளைப் புண்படுத்தாமலிருக்க எல்லோரும் சேர்ந்து அவனைப் பிறக்காதவனாகவே ஆக்கிவிட்டார்கள். வீட்டில் தனியாக அவளே எப்போதாவது அந்தப் பெயரைக் கூப்பிட்டுப் பார்ப்பாள். இன்னொரு தொண்டையிலிருந்து அது வந்து எத்தனை காலம்!

ரெஜினா அழுதாள். மதிவதனிக்கும் கண் வழிந்தது. ஆனால் முகத்தில் ஏதோ ஒன்று இளகியிருந்தது.

"அக்கா," என்றாள். "அவன் பேரை இன்னொரு தடவை சொல்லுங்க."