பாம்புக்காதும் இருபதடிக் கம்பியும்

அந்த வீட்டில் ரகசியம் பேசுவது மிகவும் கடினம்.

வாசலில் நின்று கிசுகிசுத்தாலும், பின்கட்டில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கும் சின்னவளுக்குக் கேட்டுவிடும். அண்ணன் ஒளித்து வைத்திருக்கும் பிஸ்கட் பொட்டலத்தை எவ்வளவு மெதுவாகப் பிரித்தாலும், மூன்றாவது அறையிலிருந்து, "எனக்கும் ரெண்டு" என்று குரல் வரும்.

அதனால்தான் அண்ணன் அவளுக்குப் "பாம்புக்காது" என்று பெயர் வைத்தான். அவளுக்குப் பத்து வயது. அந்தப் பெயரைக் கேட்டு அவள் கோபப்பட்டதில்லை. பிஸ்கட் கிடைத்துக்கொண்டிருந்ததே.

புதன்கிழமை இரவு, சாப்பிடும்போது அவள் ஒரு செய்தி சொன்னாள்.

"அம்மா, நம்ம பாத்ரூம் பேசுது."

"என்ன பேசுது? உன் கணக்கு மார்க்கைப் பத்தியா?" என்றான் அண்ணன்.

"சும்மா இருண்ணா. அம்மா சமையலறைத் தொட்டியில தண்ணி விட்டா, பாத்ரூம் தரையில இருக்கிற ஓட்டைக்குள்ள களக், களக்னு சத்தம் வருது. போன வாரம் அப்படி வரல."

அப்பா சிரித்தார். "அறுபது வருஷத்து வீடும்மா இது. வயசானா கொஞ்சம் முனகத்தான் செய்யும்."

வியாழக்கிழமை, "இப்ப கழிப்பறையும் சேர்ந்து பேசுது" என்றாள். வெள்ளிக்கிழமை, "சத்தம் பெருசாயிடுச்சு" என்றாள். மூவரும் தலையாட்டினார்கள். எழுந்து போய்ப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

சனிக்கிழமை காலை, துணி துவைத்த தண்ணீரை அம்மா பாத்ரூமில் ஊற்றினாள். அடுத்து நடந்ததைச் சொல்வதற்குச் சற்றுக் கூச்சமாக இருக்கிறது. எனினும் சொல்லாமல் கதை நகராது. ஊற்றிய தண்ணீர் உள்ளே போகவில்லை. அதற்குப் பதிலாக, உள்ளே இருந்த தண்ணீர் வெளியே வந்தது. அது கறுப்பாக இருந்தது. அதன் வாசனையைப் பற்றி மேற்கொண்டு எதுவும் சொல்லாமல் விடுவதே மரியாதை.

"யாரும் குழாயைத் திறக்காதீங்க" என்று அம்மா குரல் கொடுத்தாள்.

அண்ணன் வாயில் பற்பசை நுரையோடு வாஷ்பேசின் முன் நின்றுகொண்டிருந்தான். துப்பவும் முடியாமல், விழுங்கவும் முடியாமல் விழித்தான்.

அப்பா ரப்பர் பம்பை எடுத்துக்கொண்டு அரை மணி நேரம் போராடினார். அவருடைய சட்டை நனைந்தது. தண்ணீர் ஒரு விரல் அளவுகூட இறங்கவில்லை. கடைசியில் அவர் தொலைபேசியை எடுத்தார்.

பத்து மணிக்குப் பிளம்பர் அக்கா வந்தார். தோளில் பெரிய பை. கையில் வட்டமாகச் சுற்றிய நீளமான கம்பி. வந்ததும் வராததுமாகப் பின்பக்கம் போய், தரையில் இருந்த சதுர இரும்பு மூடியைக் கடப்பாரையால் நெம்பித் திறந்தார். உள்ளே இருந்த தொட்டியில் கழிவுநீர் விளிம்பு வரை நின்றது.

"இது வீட்டுக்குள்ள இருக்கிற சின்னக் குழாயில வந்த அடைப்பு இல்ல சார். மெயின் லைன்லயே அடைச்சிருக்கு. சமையலறை, பாத்ரூம் எல்லாத் தண்ணியும் இந்தத் தொட்டிக்கு வந்து, இங்கிருந்து வீட்டுக்கு அடியில ஒரே குழாயாத் தெருவுக்குப் போகுது. அந்தக் குழாய்தான் மூச்சு விடல."

அவர் கம்பியைத் தொட்டியின் வழியாகக் குழாய்க்குள் செலுத்திச் சுழற்றினார். கம்பி போயிற்று, போயிற்று, போய்க்கொண்டே இருந்தது. திடீரென்று நின்றது. எவ்வளவு தள்ளியும் ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

"இருபது அடி" என்றார் பிளம்பர் அக்கா. பிறகு அளவு நாடாவை எடுத்துத் தொட்டியிலிருந்து தெருவைப் பார்த்து நேராக அளந்துகொண்டே வீட்டுக்குள் நடந்தார். சமையலறையைக் கடந்தார். கூடத்தைக் கடந்தார். முன்னறையில் இருந்த நீளமான மேசைக்கு அடியில் போய் நாடா முடிந்தது.

"இங்கதான் அடைச்சிருக்கு. மேசையை எடுத்துட்டுத் தரையை உடைக்கணும். ரெண்டு நாள் வேலை."

அம்மாவின் முகம் மாறிவிட்டது.

முன்னறைதான் அம்மாவின் தையற்கூடம். இரண்டு இயந்திரங்களும், துணி வெட்டும் அந்த மேசையும் அங்கேதான் இருந்தன. கொடியில் முப்பத்திரண்டு வாத்துகள் தொங்கின. பள்ளி ஆண்டு விழாவில் நடனமாடப் போகும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான வெள்ளை வெளேர் என்ற வாத்து உடைகள் அவை. நாளைக் காலை ஒன்பது மணிக்கு ஒப்படைக்க வேண்டும். பதினொரு வாத்துகளுக்கு இன்னும் வால் தைக்கவில்லை.

"ரெண்டு நாள் தள்ளிப் போடச் சொல்லலாமா?" என்று அப்பா மெதுவாகக் கேட்டார்.

"விழாவையாங்க தள்ளிப் போடுவாங்க? தரையை உடைச்சா இந்த அறை பூரா தூசி, சேறு. எல்லாம் வெள்ளைத் துணி. முப்பத்திரண்டு பிள்ளைங்களும் நாளைக்கு எதைப் போட்டுக்கும்?"

அம்மா முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கையில் ஒரு வாத்தின் வால் இருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

சின்னவளுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அதே நேரம், அவளுடைய மனத்தில் வேறொன்று உறுத்திக்கொண்டிருந்தது. பிளம்பர் அக்கா கம்பியைச் சுழற்றியபோது அவள் இந்த அறையில்தான் நின்றாள். கம்பியின் முனை குழாயில் மோதும் சத்தம் அவளுக்குக் கேட்டது. ஆனால் அது மேசைக்கு அடியிலிருந்து வரவில்லை.

"அக்கா, சத்தம் இங்கிருந்து வரல" என்றாள்.

"என்ன சத்தம் பாப்பா?"

"உங்க கம்பி முட்டின சத்தம். அது அந்தப் பக்கம் கேட்டுச்சு." அவள் இடப்புறச் சுவரைக் காட்டினாள்.

"ஆரம்பிச்சுட்டா பாம்புக்காது" என்றான் அண்ணன்.

பிளம்பர் அக்கா சிரிக்கவில்லை. "நேரா அளந்தா இங்கதானே வருது?"

"குழாய் நேராப் போகலன்னா?"

பிளம்பர் அக்கா கடப்பாரையைத் தரையில் ஊன்றியபடி சற்று யோசித்தார். "அதுவும் சரிதான். பழைய வீட்டுல குழாய் எப்படிப் போகுதுன்னு கட்டினவருக்குத்தான் வெளிச்சம். உடைச்சுட்டா ஒட்ட முடியாது. கேட்டுப் பாக்குறதுக்குக் காசா பணமா? நான் கம்பியைச் சுத்துறேன். நீ கேளு."

சின்னவள் சமையலறைக்கு ஓடி ஒரு டம்ளர் எடுத்து வந்தாள். அம்மாவின் மேசையிலிருந்து, துணியில் கோடு போடும் நீலச் சாக்கட்டியையும் எடுத்துக்கொண்டாள். மின்விசிறியை நிறுத்தினாள். குளிர்பெட்டியையும் நிறுத்தினாள். டம்ளரைத் தரையில் கவிழ்த்து, அதன்மேல் காதை வைத்துப் படுத்தாள்.

வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"அண்ணா, மெல்லாத."

அண்ணன் வாயில் இருந்த பிஸ்கட்டை அப்படியே கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டான்.

பின்பக்கம் கம்பி சுழலத் தொடங்கியது. கர்ர்ர்… டக். கர்ர்ர்… டக்.

மேசைக்கு அடியில் ஒன்றும் கேட்கவில்லை. அவள் சமையலறைக் கதவருகே போய்ப் படுத்தாள். கம்பி குழாயை உரசும் சத்தம் அங்கே இலேசாகக் கேட்டது. நீலத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டாள். நான்கு அடி முன்னே போனாள். இன்னொரு குறி. கூடத்தின் நடுவில் சத்தம் தொலைந்துவிட்டது. அவள் வலப்புறம் நகர்ந்தாள், இல்லை. இடப்புறம் நகர்ந்தாள், வந்துவிட்டது. மூன்றாவது குறி. நான்காவது குறி சுவரின் ஓரத்தில் விழுந்தது.

"அம்மா, குழாய் இங்க திரும்புது. சுவருக்கு அடியில புகுந்து வெளிய போகுது."

"வெளிய சந்துதானே இருக்கு?" என்றாள் அம்மா.

பின்பக்கம் கம்பியைச் சுழற்றிக்கொண்டிருந்த பிளம்பர் அக்காவைத் தவிர எல்லாரும் பக்கக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார்கள். வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவே இருந்த அந்தச் சந்தில் ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடியும். சின்னவள் ஐந்தாவது குறியையும் ஆறாவது குறியையும் சிமெண்டுத் தரையில் போட்டாள். ஏழாவது குறி போட இடமில்லை. அங்கே ஒரு பெரிய பொருள், கித்தான் போர்த்திக்கொண்டு நின்றது.

அது அப்பாவின் ஸ்கூட்டர். அது ஓடாமல் போய் ஒன்பது வருடமாகிறது.

"ஒரே ஒரு சாமான்தான் கிடைக்கல. அது கிடைச்சா நாளைக்கே ஓடும்" என்று அப்பா ஒன்பது வருடமாகச் சொல்லி வந்தார். அதைத் தூக்கிப் போடும்படி அம்மாவும் அதே ஒன்பது வருடமாகச் சொல்லி வந்தாள்.

சின்னவள் டம்ளரை வண்டியின் அருகே வைத்துக் கேட்டாள். கர்ர்ர்… டக். இம்முறை டம்ளரே தேவைப்படவில்லை. எல்லாருக்கும் கேட்டது.

அம்மா அப்பாவைப் பார்த்தாள்.

"நகத்திடலாம், நகத்திடலாம்" என்றார் அப்பா அவசரமாக.

சக்கரங்கள் இரண்டும் தரையோடு ஒட்டிக்கொண்டிருந்தன. நான்கு பேர் சேர்ந்து தள்ளிய பிறகுதான் வண்டி முனகிக்கொண்டே நகர்ந்தது. அதன் அடியில் மண்ணும் சருகும் மெத்தை போலக் கிடந்தன. சின்னவள் துடைப்பத்தால் பெருக்கினாள். முதலில் ஒரு நேர்கோடு தெரிந்தது. பிறகு ஒரு மூலை. கடைசியில், துருப்பிடித்த வளையத்தோடு ஒரு சதுர இரும்பு மூடி.

"அடேங்கப்பா, ரெண்டாவது தொட்டி" என்றார், கம்பியை விட்டுவிட்டு அங்கே வந்து நின்ற பிளம்பர் அக்கா. "சார், இது இங்க இருக்கிறது உங்களுக்குத் தெரியாதா?"

அப்பா கழுத்தைச் சொறிந்தார். "வண்டியை நிறுத்தும்போது பாத்த ஞாபகம். ஸ்டாண்டு போட மட்டமா, வசதியா இருந்துச்சு."

அண்ணனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

கடப்பாரை மூடியை நெம்பியது. உள்ளே தொட்டி காய்ந்து கிடந்தது. வீட்டுப் பக்கத்திலிருந்து வரும் குழாயின் வாயில், மதிலோர மரத்தின் வேர்கள் புகுந்து, பின்னிய சடையைப் போல அடைத்துக்கொண்டிருந்தன. அந்தச் சடைக்குப் பின்னாலிருந்துதான் கம்பி இவ்வளவு நேரமும் டக், டக் என்று கதவு தட்டிக்கொண்டிருந்தது.

"எல்லாரும் ரெண்டு அடி தள்ளி நில்லுங்க" என்றார் பிளம்பர் அக்கா. நீளக் கைப்பிடி போட்ட அரிவாளால் வேர்களை அறுத்தார். கொக்கியை மாட்டி ஓர் இழுப்பு இழுத்தார். வரவில்லை. இன்னோர் இழுப்பு. சடை அசைந்தது. மூன்றாவது இழுப்பில் அது மொத்தமாகக் கையோடு வந்தது.

அவ்வளவுதான். நான்கு நாள் தேங்கியிருந்த தண்ணீர் ஓவென்று பாய்ந்து, தொட்டியைக் கடந்து, தெருவை நோக்கி ஓடியது.

சின்னவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

"என்னம்மா கேக்குது?" என்றார் அப்பா.

"பாத்ரூம் தண்ணி இறங்குது. இப்ப கழிப்பறை. இப்ப சமையலறைத் தொட்டி. ம்… பேச்சு நின்னுடுச்சு."

அண்ணன் உள்ளே ஓடிப் போய்ப் பார்த்தான். ஒவ்வோர் அறையாகப் புகுந்து, ஒவ்வொரு குழாயாகத் திறந்து மூடினான். திரும்பி வந்தபோது அவனுடைய முகம் முழுவதும் சிரிப்பு. "எல்லாம் போயிடுச்சு. சொட்டுகூட நிக்கல. முன்னறையில ஒரு கீறல்கூட இல்ல."

அம்மா சின்னவளின் தலையில் ஒட்டியிருந்த சருகை எடுத்துவிட்டு, அப்படியே அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். "புதன்கிழமையே சொன்னே. நாங்கதான் காது கேக்காதவங்களா இருந்துட்டோம்."

பிளம்பர் அக்கா கம்பியைச் சுற்றிக்கொண்டே சொன்னார்: "அடுத்த வாரம் இன்னொரு பழைய வீட்டுல வேலை இருக்கு பாப்பா. அந்தக் காதை ஒரு நாள் வாடகைக்குத் தர்றியா?"

"டம்ளரும் தரணுமா அக்கா?"

"அதை நான் கொண்டு வரேன். அந்த டம்ளர்ல இனிமே யாரும் தண்ணி குடிக்காதீங்க."

அன்று மாலை வீட்டில் எல்லாருக்கும் வேலை இருந்தது. அம்மா தைத்தாள். அண்ணன் வால்களுக்குள் பஞ்சு அடைத்தான். சின்னவள் பித்தான்களைச் சரிபார்த்தாள். அப்பா பழைய இரும்புக் கடைக்குத் தொலைபேசியில் பேசி, ஸ்கூட்டரைத் திங்கட்கிழமை எடுத்துச் செல்லும்படி சொன்னார். பேசி முடித்ததும் சந்துக்குப் போய், வண்டியை ஒருமுறை துடைத்துவிட்டு வந்தார். யாரும் அதைக் கவனிக்காதது போல இருந்தார்கள்.

எட்டு மணிக்கு முப்பத்திரண்டாவது வாத்துக்கும் வால் முளைத்தது. கொடி முழுவதும் வெள்ளையாய், வரிசையாய், வாலும் சிறகுமாய் வாத்துகள்.

அப்போது சின்னவள் சட்டென்று தலையை நிமிர்த்தினாள்.

"ஒரு சத்தம் கேக்குது."

அம்மாவின் இயந்திரம் நின்றது. அப்பா எழுந்துவிட்டார். அண்ணன் கையில் பஞ்சோடு அப்படியே உறைந்தான். இம்முறை யாரும் சிரிக்கவில்லை.

"எந்த அறையிலம்மா?" என்று அப்பா கேட்டார். அதற்குள் அவர் கையில் டம்ளர் வந்துவிட்டது.

"எந்த அறையிலயும் இல்லப்பா. அண்ணன் வயித்துலேர்ந்து வருது. களக், களக்னு."

அப்பா மிகுந்த பொறுப்போடு டம்ளரைக் கீழே வைத்தார்; மேசையிலிருந்த நீலச் சாக்கட்டியை எடுத்தார்; அண்ணனின் சட்டையில், வயிற்றுக்கு நேராக, பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டார்.