புதுக் கயிறு வரும்வரை

கத்தரிக்கோல் 'கிறிச்' என்றது. அத்தோடு ஆதிரனின் அழுகையும் நின்றது.

அழுது ஓய்ந்த பிள்ளை கொஞ்ச நேரம் தேம்பும், மூக்கை உறிஞ்சும். இவன் அப்படி எதுவும் செய்யவில்லை. ஆபரேஷனுக்காக வெறும் வயிற்றில் இருக்கவேண்டியிருந்ததால் காலை ஆறு மணியிலிருந்து "தண்ணி, தண்ணி" என்று அம்மா அனுப்பிரியாவின் உயிரை வாங்கிக்கொண்டிருந்த நாலு வயதுப் பிள்ளை, குழாயைத் திருகி மூடியது போல் அடங்கி, கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"ஐயோ சிஸ்டர், ஏன் அறுத்தீங்க? அவங்க அப்பா புதுக் கயிறு வாங்கத்தானே போயிருக்கார். ஆபரேஷன் முடியிற வரைக்கும் அதைக் கால்ல கட்டிட்டு அப்புறம் இதை அறுக்கலாம்னு சொன்னேன் இல்ல?"

"சாதாரண ஹெர்னியா மேம். சாயந்திரமே வீட்டுக்குப் போயிடலாம். அப்புறம் எத்தனை கயிறு வேணாலும் கட்டுங்க." நர்ஸ் சுஜி அரைஞாண் கயிற்றைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

சின்னப் பெண், அவளுக்கு என்ன தெரியும்? ஊரப்பாக்கத்தில் ரயில் நிலையம் வருவதற்கு முன்பிருந்தே நிலம் வைத்திருந்த குடும்பம் அவள் புருஷன் பாலுவுடையது. அந்த வீட்டில் ஆண்பிள்ளையின் இடுப்பு ஒரு நிமிஷம்கூட வெறுமையாக இருக்கக்கூடாது. புதுக் கயிற்றைக் கட்டிய பிறகே பழையதை அறுப்பார்கள். கட்டாமல் அறுப்பது செத்தவர்களுக்குத்தான். அனுப்பிரியா இதையெல்லாம் பெரிதாக நம்புகிறவள் இல்லை. இருந்தும் குப்பைக் கூடையை எட்டிப் பார்த்தாள். கோபம் மொத்தமும் புருஷன் மேல் திரும்பியது. ஒரு வாரமாகச் சொல்லியும் "ஆகட்டும், ஆகட்டும்" என்று நாளைக் கடத்திவிட்டு, ஆஸ்பத்திரி வாசலில் இவர்களை இறக்கிவிடும்போதுதான் ஐயாவுக்குக் கயிறு ஞாபகம் வந்தது.

போன் செய்தாள்.

"கடை இன்னும் தொறக்கல அனு. தொறந்ததும் வாங்கிகினு வரேன். ஒரு கயித்துக்கு இன்னா இவ்ளோ டென்ஷன்?"

எட்டு மணிக்கு வரவேண்டிய டாக்டர் பத்தரை ஆகியும் வரவில்லை, ஜி.எஸ்.டி. ரோட்டில் டிராபிக்காம். ஏசி ஒரே சுருதியில் உறுமிக்கொண்டிருக்க, டெட்டால் வாடையோடு பக்கத்துக் கட்டிலில் யாரோ பிரித்த பொங்கலின் நெய் வாசனையும் கலந்து குமட்ட, திரைக்கு அந்தப் பக்கம் ஒரு ஸ்ட்ரெச்சரின் சக்கரம் கிறீச்சிட்டுப் போவதும் வருவதுமாக இருக்க, அவள் காதில் விழுந்ததெல்லாம் பிள்ளையின் மௌனம்தான்.

"தாகமா இருக்காடா கண்ணு?"

"எனக்கு இல்லை."

"இவ்வளவு நேரம் கேட்டியே?"

அவன் கதவுப் பக்கம் கையை நீட்டினான். "ஆதிதான் கேட்டான். அதோ நிக்கிறான் பாரு. அழறான்."

கதவருகே யாரும் இல்லை. வீட்டில் ஆதி என்று கூப்பிடுவது இவனைத்தான்.

"பசி மேம். வெறும் வயிறு, உளறுறான்," என்றாள் சுஜி. பதினொரு மணிக்கு வந்த டாக்டரும் அதையே சொன்னார். அவள் எதைச் சொன்னாலும் எல்லோரிடமும் ஒரு பதில் தயாராக இருந்தது. மற்றப் பிள்ளைகள் எல்லாம் காலை உதைத்து, அம்மாவின் புடவையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டுதான் ஆபரேஷன் தியேட்டருக்குள் போனார்கள். இவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தங்கமான புள்ளம்மா," என்று ஸ்ட்ரெச்சர் தள்ளியவர் பாராட்டினார். அவரை அறைய வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

தியேட்டர் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தாள். கால் மணி நேரம் போயிருக்கும்.

"அம்மா."

குரல் அவள் முழங்கால் உயரத்திலிருந்து வந்தது.

"தண்ணிம்மா."

தேங்காய் எண்ணெய் வாசனை. காலையில் அவளே தேய்த்துவிட்டது. சாப்பிடாத வாயின் புளித்த மூச்சு. துப்பட்டாவின் நுனி ஒருமுறை இழுபட்டது. அவள் சட்டென்று தரையில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் காற்றைத் துழாவினாள். "ஆதி? எங்கடா இருக்க?"

எதிர் பெஞ்சுக்காரர் மொபைலைத் தாழ்த்தி அவளையே பார்த்தார். வெட்கமாகப் போய்விட்டது. எழுந்து உட்கார்ந்து துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள். அந்த வெட்கத்துக்காக அவள் தன்னை மன்னிக்கப் போவதே இல்லை.

பாலு வந்து சேரும்போது பிள்ளையை வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். மயக்கம் இவ்வளவு சீக்கிரம் தெளிந்ததில் சுஜிக்கே ஆச்சரியம். வலி இல்லை, முனகல் இல்லை. கண்ணைத் திறந்து சிரித்துக்கொண்டு படுத்திருந்தான்.

"தையல்ல படாம மேல கட்டிக்கோங்க," என்றாள் சுஜி. பாலு கயிற்றை நீட்டினான்.

"வேணாங்க. இது ஆதி இல்லை."

"காலைலேந்து என்னை நாயா அலைய வுட்டுட்டு இப்ப வேணான்றியா? எல்லாரும் பாக்குறாங்க அனு. கட்டு."

எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவள் கயிற்றை வாங்கினாள். அடிவயிற்றில் புதுத் தையலோடு பிள்ளை தானாகவே இடுப்பைத் தூக்கிக் கொடுத்தான்.

முதல் முடிச்சு. வெளியே வராந்தாவில் ஒரு அழுகை கிளம்பியது. இரண்டாவது முடிச்சு. அழுகை அலறலானது. யாரும் தலையைத் திருப்பவில்லை. அவள் விரல்கள் நின்றன.

"இறுக்கிக் கட்டும்மா," என்றது கட்டிலில் இருந்த பிள்ளை.

மூன்றாவதைப் பாலு போட்டான்.

ஐந்து மணிக்கு டிஸ்சார்ஜ். காரில் அவள் மடியில் பிள்ளை. பாலு ரிவர்ஸ் எடுத்தான். ஆஸ்பத்திரியின் கண்ணாடிக் கதவு, உள்ளே இருந்த குளிருக்கு வெளிப்பக்கமெல்லாம் வியர்த்து மங்கிக் கிடந்தது. அதன் கீழ்ப்பாதியில், உள்ளேயிருந்து சூடு பட்டது போல், உள்ளங்கை அளவுக்கு ஓரிடம் தெளிந்தது. பக்கத்தில் இன்னொன்று. ஐந்து விரல். ஐந்து விரல்.

"வண்டிய நிறுத்துங்க."

"பின்னாடி ஆட்டோக்காரன் ஹார்ன் அடிக்கிறான். இன்னா மறந்துட்ட?"

என்னவென்று சொல்வாள்? பிள்ளையின் கை அவள் கழுத்தைச் சுற்றி இறுகியது. சில்லென்றிருந்தது.

கண்ணாடியில் கைகள் தட்டின. மேலே. கீழே. வேகமாக.

மடியில் இருந்தது கையை உயர்த்தி ஆட்டியது.

"டாட்டா, ஆதி."

பாலு சிரித்துக்கொண்டே கியரை மாற்றினான். கார் தெருவில் திரும்பியது. கதவில் அந்தக் கைகள் இன்னும் தட்டிக்கொண்டிருந்தன.