ஈ மொய்க்காத விருந்து

இறைச்சித் தட்டில் ஒரு ஈ கூட இல்லை என்பதை முதலில் கவனித்தவள் நெரிடாதான்.

பிப்ரவரி மாதம், அந்த ஊரில் கடுங்கோடை. பகலெல்லாம் காய்ந்த மேட்டுநிலம் அந்தி வெயிலிலும் அனலைக் கக்கிக்கொண்டிருந்தது. ரஸ்ஸல் வீட்டு வராந்தாவில் சுட்ட ஆட்டு விலாவும் சாசேஜும் மூடியில்லாமல் கிடந்தன. அந்தப் பக்கத்தில் அந்த மாதத்தில் யாராவது வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசினாலே ஒரு ஈயை விழுங்கவேண்டி வரும். அன்று கையை வீசி விரட்ட ஒன்றுமே இல்லாமல் எல்லார் கைகளும் சும்மா தொங்கின.

"என் வீட்டுக்கு வர ஈக்குக்கூடப் பயம் வந்துடுச்சு, பாத்தீங்களா?" என்று இடுக்கியால் சாசேஜைப் புரட்டியபடி ரஸ்ஸல் சொன்னார்.

எல்லாரும் சிரித்தார்கள். நெரிடாவின் கணவன் கிளென் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தான். அவன் வேலை பார்க்கும் கம்பளிக் கிடங்கின் மேலாளர் ரஸ்ஸல். காலியாகப் போகும் மேற்பார்வையாளர் இடத்துக்கு அவர் மனதில் ஒரு பெயர் இருப்பதாகக் கிடங்கில் பேச்சு. அதனால் வரும் வழியிலேயே காரில் கிளென் சொல்லிவிட்டான்:

"இன்னைக்கு ஒரு நாள் மட்டும், நெரி. கங்காரு அப்படிச் செய்யும், பறவை இப்படிச் செய்யும்னு ஆரம்பிச்சுடாத. போன கிறிஸ்துமஸுக்கு நீ பாதி விருந்துல எழுந்து வந்ததையே இன்னும் சொல்லிக்காட்டுறாங்க. சாப்பிடு, சிரி, நல்லா இருக்குன்னு சொல்லு. என் மானத்தைக் காப்பாத்து, போதும்."

சரி என்று தலையாட்டியிருந்தாள். தோளிலிருந்து மார்புக்குக் குறுக்கே மாட்டியிருந்த துணிப்பையில் கங்காருக் குட்டி பிப் சுருண்டு கிடந்தது. நெடுஞ்சாலையில் லாரியில் அடிபட்டுச் செத்த தாயின் மடிப்பையிலிருந்து அவளே எடுத்து வந்த குட்டி. அடிக்கடி பால் கொடுக்கவேண்டும் என்பதால் போகிற இடத்துக்கெல்லாம் அதுவும் வரும். எந்நேரமும் பைக்குள் முண்டிக்கொண்டும் அவள் சட்டைப் பொத்தானைச் சப்பிக்கொண்டும் இருக்கும் பிப், ரஸ்ஸல் வீட்டுக் கேட்டைத் தாண்டியதிலிருந்து அசையவே இல்லை. தூக்கம் என்றால் உடம்பு தளர்ந்திருக்கும். இது கல்லாக இறுகிக் கிடந்தது. உள்ளே அதன் இதயம் மட்டும் அவள் விலாவில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

வேலிக்கு அப்பால் இந்த நேரத்துக்குக் கங்காருக்களின் பெரிய கூட்டமே மேயும். இன்று புல்வெளி காலி. மரக்கிளைகளில் கொண்டைக்கிளிகளின் கூச்சல் இல்லை. எதுவோ எல்லாவற்றையும் துடைத்து எடுத்துப் போனதுபோல் இருந்தது அந்த மாலை.

நெரிடாவுக்குத் தெரியும், கங்காருக் கூட்டத்தில் ஒன்று பின்னங்காலால் தரையைத் தட்டினால் போதும், மொத்தக் கூட்டமும் பறந்துவிடும். எதற்கு ஓடுகிறோம் என்று நின்று கேட்ட ஒரு கங்காருவையும் அவள் பார்த்ததில்லை. தூரம் போய்த் திரும்பிப் பார்க்கும். ஒன்றுமில்லை என்றால் குனிந்து மேயத் தொடங்கும். வீணாக ஓடிவிட்டோமே, மற்றவை என்ன நினைக்கும் என்று எதுவும் கூசிப்போவதில்லை.

"உள்ள வாங்க, உள்ள வாங்க," என்று ரஸ்ஸலின் மனைவி மெரில் எல்லாரையும் சாப்பாட்டு அறைக்கு அழைத்தாள். புதிதாகக் கட்டிச் சேர்த்த அறை. முற்றத்துப் பக்கம் முழுக்கக் கண்ணாடிச் சுவர். எதிர்ப்பக்கம் பழைய வீட்டுக்குள் போகும் நீளமான நடை. நடையின் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. அந்தப் பக்கம் விளக்கு இல்லை.

மேசையில் ஆறு பேர். ரஸ்ஸல், மெரில், கிளென், நெரிடா, பக்கத்துப் பண்ணை வாரன், அவன் மனைவி ஜாய்ஸ். நெரிடாவின் முதுகு நடையைப் பார்த்து அமைந்தது. ரொட்டி கைமாறியது. கம்பளி விலையைப் பற்றிப் பேச்சு ஓடியது.

அப்போதுதான் அந்த வாடை வந்தது. மழைக்குப் பின் பொந்துக்குள்ளிருந்து வரும் ஈரமண் வாடைபோல் தொடங்கி, அதற்கடியில் வேறொன்றாக, நெடுநாள் மூடியிருந்த வாய் ஒன்று திறந்ததுபோல், வெதுவெதுப்பாக அவள் பிடரியைத் தொட்டுவிட்டுப் பின்வாங்கியது. கொஞ்சம் பொறுத்து மறுபடி தொட்டது. மறுபடி பின்வாங்கியது. அது வருவதிலும் போவதிலும் ஓர் ஒழுங்கு இருந்தது.

நடையில் தரைப்பலகை முனகியது. கனமான ஒன்று இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு மாறி நின்றால் பலகை அப்படித்தான் முனகும்.

"பழைய வீடு," என்றார் ரஸ்ஸல். யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. "வெயில் இறங்கினா மரம் சுருங்கும். அதான் சத்தம்."

"எங்க வீட்டுலயும் அப்படித்தான்," என்றான் வாரன் வேகமாக.

"எல்லா வீட்டுலயும் அப்படித்தான்," என்றாள் ஜாய்ஸ்.

மெரில் காலித் தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நெரிடாவும் உதவுவதுபோல் பின்னாலேயே சமையலறைக்குப் போனாள்.

"மெரில், அந்த நடையில என்ன இருக்கு?"

மெரில் திரும்பவில்லை. பாவ்லோவா கேக்கின் மேல் ஸ்ட்ராபெர்ரித் துண்டுகளை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு துண்டு நழுவி விழுந்தது.

"உனக்கு இனிப்புப் பிடிக்கும்ல?"

"மெரில்."

"எவ்வளவு நாளா எங்க வீட்டுக்கு யாரும் சாப்பிட வரல தெரியுமா?" அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. வாய் மட்டும் சிரித்தபடியே இருந்தது. "நாங்க ரெண்டு பேரும் தனியாவே எத்தனை ராத்திரி உக்காந்திருக்கிறது, சொல்லு? நீங்கல்லாம் வந்தது எவ்வளவு சந்தோஷம். போயிடாத நெரிடா. பாதியில எழுந்து போனா மரியாதையா இருக்காது."

பாவ்லோவாவை ஏந்தி மெரில் பின்னால் வர, நெரிடா மேசைக்குத் திரும்பியபோது நடையின் கதவு முன்பைவிட அகலத் திறந்திருந்தது.

உட்கார்ந்தாள். எல்லார் முகத்தையும் பார்த்தாள். காட்டு விலங்குகளைப் பார்க்கிற பழக்கத்தில், முகத்தை விட்டு உடம்பைப் பார்த்தாள். வாரனின் மூக்குத் துளைகள் விரிந்து விரிந்து மூடின. ஜாய்ஸின் கைமயிர் சிலிர்த்து நின்றது. கிளென் கழுத்தை அசைக்காமல் கண்ணை மட்டும் பக்கவாட்டில் திருப்பி, உடனே தட்டுக்கு இழுத்துக்கொண்டான். மேசைக்கடியில் அவன் முழங்கால் துடித்தது. ஆறு உடம்புகளுக்கும் தெரிந்திருந்தது. ஆறும் ஓடத் தயாராகிவிட்டன. வாய்கள்தான் கம்பளி விலையை விடவில்லை.

முதலில் எழுவது யார்? அந்த வெட்கத்துக்கு அஞ்சியே எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள்.

வாடை அவள் பிடரியைத் தொட்டது. இம்முறை பின்வாங்கவில்லை.

பைக்குள் பிப் ஓங்கி உதைத்தது. அவள் விலா எலும்பில் ஒரே ஓர் உதை. தாயும் கூட்டமும் இல்லாமல் வளர்ந்த குட்டி. யாரும் அதற்குச் சொல்லிக் கொடுத்ததில்லை.

நெரிடா எழுந்தாள்.

"எங்க?" என்றான் கிளென் பல்லைக் கடித்துக்கொண்டு.

"நீயும் வா."

"உக்காரு."

"கிளென், எழுந்திரு. உன் காலைப் பாரு. அதுக்குத் தெரியுது. வா."

"நெரி, ப்ளீஸ். எல்லாரும் பாக்குறாங்க."

அவன் கையைப் பிடித்து இழுத்தாள். வியர்த்துச் சில்லிட்டிருந்தது. அவன் அதை மெல்ல விடுவித்துக்கொண்டு ரஸ்ஸலைப் பார்த்து அசடு வழியச் சிரித்தான். "குட்டிக்குப் பால் குடுக்கணும் போல. இவ எப்பவுமே இப்படித்தான்."

"குட்நைட்டாவது சொல்லிட்டுப் போம்மா," என்றார் ரஸ்ஸல். குரல் கெஞ்சியது. "இந்தப் பக்கம் திரும்பி ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ."

கழுத்து தானாகத் திரும்பப் போனது. நாற்பது வருடப் பழக்கம். விடைபெறாமல் யார் வீட்டை விட்டும் அவள் வந்ததில்லை.

திரும்பவில்லை.

கண்ணாடிக் கதவைத் தள்ளினாள். படி. புல். ஓடினாள். செருப்பு ஒன்று கழன்றது. விட்டாள். பின்னால் பலகை முனகியது. ஒரு முறை. இன்னொரு முறை. பிறகு பலகைச் சத்தம் நின்று, புது அறையின் தளக்கல்லில் ஏதோ ஈரமாகப் பதியும் சத்தம். காரின் கைப்பிடி. பூட்டு. சாவி கிளெனிடம்.

பையை இரு கையாலும் அணைத்துக்கொண்டு வேலிவரை ஓடினாள். கம்பியில் கை பட்டதும் கால்கள் நின்றன. மூச்சு நிற்கவில்லை. கூட்டம் எப்போதும் திரும்பிப் பார்க்கும் தூரம் அது.

பார்த்தாள்.

வெளியே வெளிச்சம் மங்கிவிட்டதால், உள்ளே எரிந்த விளக்கில் கண்ணாடிச் சுவர் முழுக்கத் தெளிவாகத் தெரிந்தது. ஐந்து பேரும் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து பேரும் தங்கள் தங்கள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரஸ்ஸலின் வாய் அசைந்தது. ஏதோ வேடிக்கையாகச் சொல்லியிருக்கவேண்டும். தலை தூக்காமலே எல்லாரும் சிரித்தார்கள்.

அவளுடைய நாற்காலி காலியாக இல்லை.

அதில் இருந்ததற்கு உயரம் அதிகம். உட்கார்ந்தும் விளக்குக்கு மேல் போயிருந்தது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெளிச்சம் விழவில்லை. கிளெனின் தோளை ஒட்டி, இடம் போதாமல், அது மெதுவாகத் தன்னைச் சரித்து அமர்த்திக்கொண்டிருந்தது.

"கிளென்!" என்று கத்தினாள். அவன் நிமிரவில்லை.

மெரில் பாவ்லோவாவை வெட்டி முதல் துண்டைத் தட்டில் வைத்து நீட்டினாள். தட்டு ஜாய்ஸிடமிருந்து வாரனுக்கு, வாரனிடமிருந்து கிளெனுக்கு வந்தது. கிளென் அதைத் தனக்கு வைத்துக்கொள்ளவில்லை. பார்வையைத் தன் மடியிலேயே நிறுத்திக்கொண்டு தட்டைப் பக்கத்தில் நகர்த்தி வைத்தான்.

பிறகு, விருந்துக்கு வந்த இடத்தில் நல்ல மனிதர்கள் செய்வதுபோல், தன் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டு அதற்கு இடம் கொடுத்தான்.