நான் சிரிக்கலம்மா

சோறு வடித்துக்கொண்டிருந்த செங்கமலத்தின் முதுகுக்குப் பின்னால் குழந்தை சிரித்தது. நாலு வயது சின்னபொண்ணு வெறும் சுவரைப் பார்த்து, நேற்றுச் சிரித்த அதே அளவில், அதே ஏற்ற இறக்கத்தில், வாய் மட்டும் விரியச் சிரித்தாள். கண்ணில் பயம் இருந்தது. சிரிப்பு அடங்கியதும் ஓடிவந்து அம்மாவின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"நான் சிரிக்கலம்மா."

கைக்குழந்தையாகத் தூக்கத்தில் சிரித்தபோது நரி விரட்டுகிறது என்று ஊரே கொஞ்சியது. போன மாதம் மாமியாரின் பிணத்தருகே நின்று சிரித்தாளே, அன்றோடு கொஞ்சல் போயிற்று. கிழவிதான் பேத்திமேல் ஏறிவிட்டாள் என்று சோரியாங்குப்பம் முடிவு கட்டிவிட்டது.

செங்கமலம் சொல்லாமல் கொள்ளாமல் பிள்ளையைப் புதுச்சேரிக்குத் தூக்கிப் போனாள். வெள்ளைக்கார டாக்டர் சொன்னதைக் கம்பவுண்டர் தமிழில் சொன்னார்.

"மண்டக்குள்ள சின்னதா ஒரு கட்டி இருக்கும்னு நெனைக்கிறாரு. அபூர்வமாத்தான் வருமாம், அதுதான் சிரிக்க வெக்குதாம். உசுருக்கு ஒண்ணுமில்ல. தலையில மட்டும் அடி படாம பாத்துக்கம்மா."

வீட்டில் கணவன் மணவாளன் சோற்றைப் பிசைந்தபடியே கேட்டான். "கட்டி இன்னா, சிரிக்குமா?"

கை கழுவியதும் பேயோட்டும் பூசாரியிடம் நாள் கேட்கப் போனான்.

ஆடிச் செவ்வாய், உச்சிவேளை. ஏரிக்கரைப் புளியமரம் முழுக்கத் துருப்பிடித்த ஆணிகள், ஒவ்வொன்றிலும் யாரோ ஒருத்தியின் முடிக்கற்றை. பேய் பிடித்தவள் முடியை மரத்தில் அறைந்து அறுத்துவிட்டால் பேய் அங்கேயே தங்கிவிடுமாம். கற்பூரப் புகைக்குள்ளிருந்து பூசாரி இருசப்பன் உடுக்கையோடு குழந்தையை நோக்கி வந்தார். சின்னபொண்ணுவின் உதடு கோணத் தொடங்கியது.

செங்கமலம் முந்திக்கொண்டாள். கூந்தலை அவிழ்த்துப்போட்டு, தலையைச் சுழற்றி, மகளின் சிரிப்பு அமுங்கிப்போகும்படி உரக்கச் சிரித்தாள்.

"புள்ளைகிட்ட இல்லடா மணவாளா. உங்கம்மா நான் இவகிட்ட இருக்கேன்."

மணவாளன் நடுங்கிப்போய்க் கும்பிட்டான். அவளை மரத்தோடு சாய்த்துக் கற்றையைச் சுற்றினார்கள். சுத்தியல் காதோரம் இறங்கியது. ஒன்று. இரண்டு. தலையை அசைக்க முடியவில்லை. வலியில் உயிர் போனது. ஆனாலும் அப்படியொரு நிம்மதி. பிள்ளை தப்பித்துவிட்டது.

பூசாரி அரிவாளைத் தேடினார்.

சிரிப்பு கேட்டது.

செங்கமலத்தின் வாய் மூடியிருந்தது.

அதே அளவு. அதே ஏற்ற இறக்கம்.

"தாவிடுச்சி," என்றார் பூசாரி. "புள்ளைய கொண்டாப்பா."

"தலையில வேணாம். சாமி, தலையில வேணாம்." செங்கமலம் தலையை இழுத்தாள். முடி விடவில்லை.

கடைக்கண்ணில் தெரிந்தது. மணவாளன் மகளை மரத்தோடு அழுத்திப் பிடித்திருந்தான். சித்திரையில் மயிலம் கோயிலில் மொட்டை போட்ட தலை. முடி விரற்கடைதான் வளர்ந்திருந்தது. ஆணியில் சுற்ற எட்டவில்லை.

"தலைய இன்னும் ஆணியோட ஒட்டி வை," என்றார் பூசாரி.

அம்மாவைப் பார்த்துச் சின்னபொண்ணு சிரித்துக்கொண்டே இருந்தாள். கன்னமெல்லாம் கண்ணீர். சுத்தியல் மேலே போனது.