ஆற்றில் விட்ட ரொட்டி

ரொட்டி நீரோட்டத்தை எதிர்த்து வந்துகொண்டிருந்தது.

டொன்காதான் முதலில் கவனித்தாள். மாமியார் பாரிட்சா மரப்பலகைப் படித்துறையிலிருந்து விட்டபோது, நடுவில் குத்திய மெழுகுவர்த்தியோடு அது கூப்பா ஆற்றில் கீழ்நோக்கித்தான் போய்ப் பனிமூட்டத்துக்குள் மறைந்தது. மூழ்கியவன் கிடக்கும் இடத்தில் ரொட்டி நிற்கும், அங்கே கொக்கி போட்டுத் தூக்கலாம் என்பது ஊர் வழக்கம். டொன்காவின் கணவன் வின்கோ மீன்பிடிக்கப் போய்த் திரும்பாமல் ஒன்பது நாள். உடல் கிடைத்தால் அடக்கம் செய்துவிட்டுத் தன் கடற்கரை ஊருக்கே போய்விடலாம். கிடைக்காவிட்டால் கொன்றவள் என்ற பேரோடு இங்கேயே கிடந்து சாகவேண்டியதுதான்.

பொல்லாத ஊர். துருக்கியர் வந்தார்கள், பேரரசின் படை வந்தது, பாலத்தைத் தகர்த்தவர்கள் வந்தார்கள். வந்தவர்களை ஆறு காவு வாங்கிக்கொண்டது. ஊர்க்காரன் ஒருவனைக்கூடத் தொட்டதில்லை என்று சாராயக்கடையில் பீற்றிக்கொள்வார்கள். பதினோரு வருடம் குடித்தனம் நடத்தியும் அவள் அவர்களுக்கு உப்புத்தண்ணிக்காரிதான்.

நவம்பர் பிற்பகல் மூன்று மணிக்கே வெளிச்சம் மங்கியிருந்தது. அழுகிய இலைகளின் வாடை, ஈரக் கம்பளிக் கோட்டுகளின் வாடை, முதுகுக்குப் பின்னால் நாற்பது பேர் மூச்சுவிடும் சத்தம், இத்தனைக்கும் நடுவே அந்தச் சிறு சுடர் துளியும் ஆடாமல் நேராக அவளை நோக்கி வந்தது.

அவள் காலடியில் நின்றது.

“அவன் பேரைச் சொல்லித்தானேடி மாவு பிசைஞ்ச?” என்றாள் பாரிட்சா.

“நூறு தடவ சொன்னேன் அத்தை.”

படகோட்டி ஃப்ரான்யோ கொக்கியை இறக்கினான். சங்கிலி பலகையில் உரசியது. சேறு நாறியது.

“அடியில யாருமில்ல.”

“இன்னொரு தரம் பாருங்கண்ணே.”

“முப்பது வருசமா பாக்குறவன் நான். எடம் காலியாத்தான் இருக்கு.”

“ரொட்டி பொய் சொல்லாது,” என்றாள் பாரிட்சா மெதுவாக.

“உப்புத்தண்ணிக்காரிக்கு நீச்சல் தெரியுமே,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

“நம்ம ஆத்துக்கிட்ட அது செல்லுமா?”

சிரித்தார்கள்.

முதுகுக்குப் பின்னால் பலகை கிரீச்சிட்டது. ஓர் அடி. இன்னோர் அடி. டொன்கா திரும்பினாள். தெரிந்த முகங்கள். நடுவே ஒரு இடைவெளிகூட இல்லை.

உதவிக்குக் கத்த எதிர்க்கரையைப் பார்த்தாள். பனி விலகியது. ஒரு ஆள். பழுப்புக் கோட்டு. நனையவே இல்லை.

“வின்கோ!”

அவனுக்குக் கேட்டது. அவளை நன்றாகப் பார்த்தான். பிறகு தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்து, அடக்கத்துக்கு வந்தவனைப் போலத் தலை குனிந்தான்.