கீழ்வீட்டுக்காரர்

காலை ஆறு மணிக்கு முதல் காபி கீழ்வீட்டுக்காரருக்குத்தான். காபி என்பது பேச்சுக்கு. வடித்த கஞ்சியில் ஒரு துண்டு வெல்லம் கரைத்து, குளியலறைத் தண்ணீர் போகும் சல்லடையில் ஒரு சொம்பு ஊற்ற வேண்டும். அதற்குப் பெயர் படி. கொர்ரென்று ஒரு சத்தம் வந்தால் குடித்துவிட்டார் என்று அர்த்தம். வாசற்கதவுக்கு மேலே இருக்கும் சின்னத் திரையில் பச்சை எழுத்து ஓடும்: ‘படி வந்தது. ஆள் இருப்பு: ஒன்று. நன்றி.’ அதற்குப் பிறகுதான் நமக்கென்று அடுப்பில் பால் ஏற்றலாம்.

சட்டம் சொல்வது இவ்வளவுதான். சல்லடையைச் சுற்றிக் கோலம் போடு என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனால் நம் சனங்களுக்குக் கும்பிட ஒன்று கிடைத்துவிட்டால் விடுவார்களா? எதிர்வீட்டில் தினமும் செம்பருத்தி வைக்கிறார்கள். வெள்ளிக்கிழமையானால் மஞ்சளும் குங்குமமும். பயமுறுத்துகிற எதற்கும் பொட்டு வைத்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும் என்பது நம் பழைய வைத்தியம். நானும் கோலம் போடுகிறவள்தான், கேலி செய்ய எனக்கு யோக்கியதை இல்லை.

நிலத்தடித் தூய்மை வாரியம் இவருக்கு வைத்த பெயர் கசடுண்ணி. ஆய்வகத்தில் செய்த உயிர். சாக்கடைக் குழாய்களின் உட்சுவரில் பாசி மாதிரி ஒட்டி வளரும். மலம், எண்ணெய், முடி, நாப்கின், எது வந்தாலும் தின்று தெளிந்த தண்ணீராக வெளியே விடும். நகரம் முழுக்க ஒரே உடம்பு என்கிறார்கள். கொசு ஒழிந்தது. ஆற்றில் நாற்றம் போய்க் கொக்கு வந்தது. வாடகை தராமல் காலுக்குக் கீழே குடியிருக்கிற ஒருவரை வேறு எப்படிச் சொல்வது? கீழ்வீட்டுக்காரர் என்றே எங்கள் ஓடைக்கரைக் காலனியில் பெயர் நிலைத்துவிட்டது.

இதைக் குறை சொல்ல நான் வரவில்லை. என் அண்ணன் கௌதமன் இருபத்தாறு வயதில் சாக்கடைக் குழிக்குள் இறங்கினான். இடுப்பில் கயிறு கட்டித்தான் இறங்கினான். கயிற்றை இழுத்தபோது அண்ணன் வந்தான், உயிர் வரவில்லை. அப்போது எனக்கு வயது பத்தொன்பது, தங்கை இளவேனிலுக்கு எட்டு. இரண்டு வருடம் கழித்துக் கசடுண்ணி வந்தது. மூன்று தலைமுறையாகக் குழியில் இறங்கிய எங்கள் காலனியில்தான் முதல் விழா. குழி மூடிகளை எல்லாம் பற்றவைத்து அடைத்து, ‘இனி மனிதன் இறங்கமாட்டான்’ என்று அவற்றின் மேல் பொறித்தார்கள். அந்த எழுத்தைத் தடவிப் பார்த்து நான் ஓவென்று அழுதேன். இன்றைக்கு நினைத்தாலும் அது சந்தோஷ அழுகைதான்.

பிசகு நடந்தது பொங்கலில். கசடுண்ணியைச் சோதித்துப் பார்த்தது எங்கேயோ ஒரு குளிர் நாட்டு ஊரில். அங்கே பண்டிகை வந்தால் சனம் வீட்டுக்குள் உட்காரும். இங்கே போகி வந்தால் பாதி நகரம் பையைத் தூக்கிக்கொண்டு சொந்த ஊருக்குப் பஸ் ஏறும். இவ்வளவு பெரிய விஷயத்தை அந்த விஞ்ஞானிகளுக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய நம்மவர்கள் அந்த வாரம் சொந்த ஊருக்குப் போயிருந்திருப்பார்கள்.

இரண்டாவது வருடப் பொங்கலுக்கு வீடெல்லாம் பூட்டிக் கிடந்தது. குழாய்களில் ஒன்றும் வரவில்லை. பசித்த உயிர் எத்தனை நாள் பொறுக்கும்? காணும் பொங்கலன்று அது மேலே ஏறியது. எட்டாவது மாடி வீடொன்றில், ஊருக்குப் போகாமல் தனியாக இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் மூக்குக்கண்ணாடியும் பல்செட்டும் மட்டும் கிடைத்தன. மாரடைப்பு என்றது வாரியம். மாரடைப்பு வந்தவரின் வீட்டுத் தரை ஏன் அப்படிப் பளபளவென்று இருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் தங்கல் முறை வந்தது. பண்டிகைக்கு நூற்றுக்கு ஒருவர் நகரத்திலேயே தங்க வேண்டும். தங்கினவர் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, தெருவில் வாரியத்தின் விசில் அடித்ததும், வாரியம் தரும் படித்தூளை வெந்நீரில் இருபது நிமிடம் கரைத்து ஒரு பானை ஊற்ற வேண்டும். எங்கள் வார்டில் நாற்பதாயிரம் பேர். தங்க வேண்டியவர்கள் நானூறு. ஓடைக்கரையில் பெரியவர்கள் நானூற்றுச் சொச்சம். எப்படிப் பொருந்துகிறது பாருங்கள்.

ஏழாவது வருடமாகப் பட்டியலில் சுடரொளி என்ற என் பெயர் வந்தது. மற்ற வருடமென்றால் முனகிவிட்டு இருந்திருப்பேன். இந்த வருடம் தங்கை வேனில் தூத்துக்குடியில் நிறைமாதமாக இருந்தாள். மாப்பிள்ளைக்குக் கடல் காற்றாலையில் வேலை, கரைக்கு வரத் தை கடைசியாகும். டாக்டர் குறித்த நாள் மாட்டுப் பொங்கல். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கம். அப்பா அம்மா இல்லாத எங்களுக்கு என் வீடுதான் அவளுக்குத் தாய்வீடு. ஆனால் தங்கல் நாட்களில் அவளை இந்தச் சல்லடைக்குப் பக்கத்தில் படுக்க வைக்க எனக்கு மனம் வரவில்லை. “நீ வராதே, நான் வரேன்” என்று சொல்லியிருந்தேன்.

வாரிய அலுவலகத்தில் கிருபாகரன் என்ற அதிகாரி இருந்தார். தங்கமான மனிதர். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார்.

“பட்டியலை நாங்க எழுதறதில்ல மேடம். சிஸ்டம்தான் எடுக்குது. யாருக்குப் பயண வரலாறு இல்லையோ அவங்கள எடுக்கும். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனவங்க இந்தப் பொங்கலுக்கும் போவாங்கல்ல?”

“நீங்க தங்கல்ல போட்டதாலதானே சார் எங்களுக்குப் பயணமே இல்ல?”

“நல்ல கேள்வி. எழுதிக் குடுங்க” என்றார். பிறகு திரையைப் பார்த்துக்கொண்டே, “உங்க சொந்த ஊர் எது?” என்று கேட்டார்.

“இதான் சார். எங்க தாத்தாவோட தாத்தாவுக்கும் இதே ஓடைக்கரைதான்.”

“அப்புறம் பொங்கலுக்கு எங்க போகப்போறீங்க?” அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

தங்கையின் பிரசவம் என்றேன். மாற்று ஆள் ஒருவரைக் கொண்டுவந்தால் விடுவிக்கலாம் என்றார். அடுக்குமாடிகளில் பதினோரு வீட்டுக் கதவைத் தட்டினேன். எல்லாரும் நல்லவர்கள், எல்லாரும் டிக்கெட் எடுத்திருந்தார்கள். ஓர் அம்மாள் மட்டும் ஆறுதலாக, “உங்களுக்கு இது பழக்கம்தானே” என்றாள்.

விஷயத்தைப் போனில் சொன்னேன். வேனில் பாதியிலேயே வைத்துவிட்டாள். போகியன்று மத்தியானம், நகரமே வெளியே ஓடிக்கொண்டிருந்தபோது, காலியாக உள்ளே வந்த ரயிலில் அவள் வந்து இறங்கினாள். வயிற்றைத் தாங்கிக்கொண்டு வாசலில் நின்றவளைக் கண்டதும் எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

“அறிவிருக்கா உனக்கு? வராதேன்னு சொன்னேன்ல?”

“எல்லாப் பொண்ணுங்களும் அம்மா வூட்டுக்குத்தான்க்கா போறாங்க. நான் எங்க போவட்டும்?” என்று சிரித்தாள். அவள் உள்ளே கால் வைத்ததும் கதவுத் திரை மாறியது. ‘ஆள் இருப்பு: இரண்டு. நன்றி.’

மாட்டுப் பொங்கலன்று விடியும்போதே வலி எடுத்தது. ஆம்புலன்ஸ் வர மத்தியானம் ஆகும் என்றது போன். அதை ஓட்டுகிறவர்களும் ஊருக்குப் போயிருந்தார்கள். நாலு வீடு தள்ளி இருக்கும் அஞ்சுகம் அக்கா ஓய்வுபெற்ற நர்ஸ், ஓடிவந்தார். ஆறு மணி விசில் அடித்தது. வேனில் என் கையை விடவில்லை. எட்டு மணி விசிலும் அடித்தது. கதவுத் திரை சிவப்பாகி, ‘படி தாமதம்’ என்று மின்னத் தொடங்கியது. ஒரு வீட்டில் இரண்டு வேளை தவறினால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். எங்கள் தலையில் நூறு பேர் வீட்டுப் பசி இருப்பதை அந்த நேரத்தில் மறந்துபோனேன்.

ஒன்பது மணிக்குக் குழந்தை பிறந்தது. பெண். வீல் என்று அது அழுத அதே நேரத்தில் குளியலறையில் யாரோ நீளமாக உறிஞ்சுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

போய்ப் பார்த்தேன். சல்லடை ஓட்டைகள் வழியாக அது மேலே வந்திருந்தது. ஆறின பால்மேல் படிகிற ஏடு மாதிரி, சாம்பல் நிறத்தில், மெல்லிசாக. என் கோலத்தை மூடிவிட்டு, குளியலறை நிலைப்படியைத் தாண்டி, குழந்தை அழுகிற பக்கமாகத் தரையில் பரவிக்கொண்டிருந்தது. அவசரமே இல்லை அதற்கு. படித்தூள் கரைய இருபது நிமிடம். கட்டிலுக்கும் அதற்கும் நடுவே ஐந்தடி.

அஞ்சுகம் அக்கா ஒரு எனாமல் பேசினைப் பிடித்துக்கொண்டு உறைந்து நின்றார். அதில் நஞ்சுக்கொடி இருந்தது. மண்ணில் புதைக்க வேண்டியது. நான் பேசினைப் பிடுங்கி, தரையில் பரவியதன்மேல் அதை வீசினேன்.

பரவியது நின்றது. நாலு பக்கமும் மடிந்து, வீசினதை மூடிக்கொண்டு, வந்த வழியே சுருங்கிச் சல்லடைக்குள் போனது. வழக்கமான கொர்ர் இல்லை. பால் குடித்த குழந்தை விடுகிற மூச்சு மாதிரி ஒன்று கேட்டது. தரை பளபளவென்று இருந்தது. திரை பச்சையானது. ‘படி வந்தது. ஆள் இருப்பு: நான்கு. நன்றி.’

“யாராண்டயும் சொல்லாத சுடரு” என்றார் அஞ்சுகம் அக்கா.

பத்து மணிக்கு விசில் அடிக்கவில்லை. பன்னிரண்டுக்கும் இல்லை. மறுநாள் காணும் பொங்கல் முழுக்க வார்டில் எங்கேயும் விசில் இல்லை. பானை தூக்கித் தோள் இற்றுப்போன பெண்கள் பல வருடத்துக்குப் பிறகு பகலில் படுத்துத் தூங்கினார்கள், தெருவில் கோலாட்டம்கூட ஆடினார்கள். பாப்பா பிறந்த ராசி என்று குழந்தைக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டார்கள்.

அன்று சாயங்காலம் கிருபாகரன் போன் செய்தார்.

“வாழ்த்துகள் சுடரொளி மேடம். குழந்தை பிறந்திருக்குன்னு சிஸ்டம் காட்டுது. நேத்து ஒன்பது பத்துக்கு உங்க வீட்ல என்ன ஊத்தினீங்க?”

நான் எழுந்து போய்க் குளியலறைக் கதவைச் சாத்தினேன்.

“பயப்படாதீங்க. தப்பு ஒண்ணும் இல்ல. எங்களுக்கும் புரிஞ்சிடுச்சு. நிறைவு அளவு இவ்வளவு ஏறி நாங்க பார்த்ததே இல்ல. ஒரே படியில ஒரு வார்டே அடங்கிருக்கு.” அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம். பிறகு குரலைத் தாழ்த்தி, மிகவும் மரியாதையாகக் கேட்டார். “உங்க காலனியில அடுத்த பொங்கலுக்கு நிறைமாசமா இருக்கற மாதிரி ரெண்டு மூணு பேர் கிடைப்பாங்களா? முன்கூட்டியே தெரிஞ்சா நல்லது. ஊருக்கே பெரிய உதவி மேடம்.”

போனை வைத்துவிட்டேன். அண்ணன் ஞாபகம் வந்தது. அவனைக் கூப்பிட்ட மேஸ்திரியும் இதே மாதிரி மரியாதையாகத்தான் கூப்பிட்டார்.

மறுநாள் காலை ஆறு மணி. ஊருக்குப் போனவர்கள் திரும்ப இன்னும் இரண்டு நாள் இருந்தது. கஞ்சியில் வெல்லம் கரைத்து, வழக்கம்போல ஒரு சொம்பு ஊற்றினேன். கஞ்சி இறங்கவில்லை. சல்லடைமேல் வெள்ளையாக அப்படியே நின்றது. வெல்லத்தை இன்னும் கொஞ்சம் போட்டேன். அப்போதும் நின்றது.

தெருவில் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். வாசலுக்கு வாசல் பெண்கள் கையில் சொம்போடு நின்றிருந்தார்கள். அஞ்சுகம் அக்கா மட்டும் என் வீட்டு வாசலுக்கு வந்தார்.

“எங்க வூட்லயும் எறங்கல. ஒருத்தர் வூட்லயும் எறங்கல” என்றார். ருசி கண்ட பூனை உறிக்கு உறி தாவும் என்று சும்மாவா சொன்னார்கள்? அவர் கண் உள்ளே போனது. வேனில் சுவரில் சாய்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“வேனி, பாப்பாவத் தூக்கிக்கினு வெளிய வா” என்றேன்.

“இன்னாக்கா, இப்பதான் குடிக்குது…”

“வாடி!”

என் கத்தலில் குழந்தை வீறிட்டது. சல்லடைமேல் நின்ற கஞ்சி நடுங்கி, வட்டம் வட்டமாக அலைந்தது. நான் ஓடிப்போய் வெறுங்காலோடு இரண்டு பாதத்தையும் சல்லடைமேல் வைத்து, என் முழு எடையையும் போட்டு நின்றேன். பாதத்துக்கு அடியில் ஏதோ ஒன்று, மெதுவாக, ஒரு தடவை தட்டியது.

கதவுத் திரை சிவப்பானது.

‘படி தாமதம். ஆள் இருப்பு: மூன்று.’